பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு கப்பல்

தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுகிற தெருவில் இருந்துகொண்டு, கடலுக்கு அடியில் போய்க் கப்பல் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "முதல்ல நம்ம சம்ப்புல இறங்கிப் பாரு. அதுல முழங்கால் வரைக்கும் தண்ணி இருந்தா எனக்கும் சொல்லு" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது. நீச்சல் தெரியாது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு: டீச்சரை எதையாவது செய்ய வைக்க வேண்டுமென்றால் உங்களால் முடியாது என்று சொன்னால் போதும். என் கணவர் பதினேழு வருடம் என்னோடு வாழ்ந்தும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

கப்பல் என் வாழ்க்கைக்குள் சமையலறை வழியாகத்தான் வந்தது. சேலையூரில் எங்கள் தெரு முனைக்குப் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மீன்கார அக்கா வருவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, சோழிங்கநல்லூரில் மாறி, அன்னக்கூடையோடு வந்து இறங்குவார். அவரிடம் சில நாள் சங்கராவும் கலவாவும் தனியாக ஒரு ஈரத் துணிக்குள் இருக்கும். அதைத் திறந்து காட்டும்போது குரலைத் தாழ்த்தி, "இது கப்பல் மீனு டீச்சர்" என்பார். நான் பல வருடம் அதைப் பெரிய கப்பலில் பிடித்த மீன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேன். யுத்தக் காலத்தில் குண்டடி பட்டு முழுகிய சரக்குக் கப்பல் ஒன்று அவர்கள் குப்பத்துக்கு நேரே கடலில் கிடக்கிறதாம். அதன் ஓட்டைகளுக்குள் குடியிருக்கும் மீன் இது. அவர் வீட்டுக்காரர் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார். எந்த நாட்டுக் கப்பல், யார் அடித்தார்கள் என்பதற்கெல்லாம் குப்பத்தில் ஆளுக்கொரு கதை இருந்தது.

அன்றைக்கு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கோபம் வந்தது. பத்து வருடமாக அந்தக் கப்பலின் மீனைத் தின்றிருக்கிறேன். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு யுத்தத்தை ருசி பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தே தீர்வது என்று அடுப்படியில் நின்றபடி முடிவு செய்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூபா கற்றுத்தருவதாகச் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். அதிகம் பேசாதவர். என் வயதைக் கேட்டார், நீந்தத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றதும் "சரி மேடம், அதிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். முடியாது என்று அவர் சொல்லவே இல்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. நீச்சலுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு சிலிண்டர். நீச்சல் குளத்தின் அடியில் மண்டியிட்டு, முகத்தில் இருக்கும் மாஸ்க்கில் தண்ணீரை நாமே நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். பதினோரு முறை நான் மூச்சுத் திணறி மேலே ஓடி வந்தேன். பன்னிரண்டாவது முறை ஓடவில்லை. குளத்தின் அடியில் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஊதினேன், தண்ணீர் போய்விட்டது. அப்புறம் எந்தப் பயம் வந்தாலும் எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடுதான்.

மீன்கார அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அது லேசில் கிடைக்கிற சம்மதம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. கடலில் மீன் கூடும் இடங்களை அந்தக் குப்பங்களில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று வைத்திருக்கும். கரையில் இருக்கிற இரண்டு அடையாளங்கள் ஒன்றன் முன் ஒன்றாக நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் படகு இருந்தால் அதுதான் இடம். அந்த அடையாளங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். கூடப் பிறந்த தம்பி தனிப் படகு வைத்துவிட்டால் அவனுக்கும் சொல்ல மாட்டார்கள். கப்பல் அங்கே எங்கோ இருக்கிறது என்று கடற்கரை முழுக்கத் தெரியும். எங்கே என்று இந்த ஒரு குடும்பத்துக்குத்தான் தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர், படகுக்கார அண்ணன், ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். என்னோடு வரவிருந்த ஸ்கூபா பயிற்சியாளரின் ஜிபிஎஸ் கருவியும் எங்கள் செல்போன்களும் கரையில் அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்க வேண்டும். பயிற்சியாளர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். நானும் கொடுத்தேன். என் தலைக்குள் இருப்பதை யாரும் கேட்கவில்லை.

ஒரு பிப்ரவரி மாதம், விடிந்ததும் ஃபைபர் படகில் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் ஓடியபின் அண்ணன் எஞ்சினைக் குறைத்துக் கரையையே பார்த்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சியாளரிடம் ஏதோ பெருமையில், தணிந்த குரலில், "மலை நெத்திமேல தொட்டி பொட்டு வச்சா மாரி நிக்கணும் சார்" என்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். மேற்கே வண்டலூர் மலை மங்கலாகத் தெரிந்தது. கரையிலிருந்த தண்ணீர்த் தொட்டி மெதுவாக நகர்ந்து வந்து அதன் நடுவில் நின்றது. வடக்கே மாதா கோயில் சிலுவை ஒரு செல்போன் டவருக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அண்ணன் நங்கூரத்தைப் போட்டார். இருபது வருடமாகக் கரும்பலகையில் நான் போட்டுக்கொண்டிருந்த முக்கோணம் இது. ஒரு காகிதமும் இல்லாமல் ஒரு மனிதர் அதைக் கடலில் போட்டு நிறுத்தினார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பன்னிரண்டு பாகம் ஆழம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஏறக்குறைய ஏழு மாடி. முதலில் பச்சை, பிறகு அழுக்குப் பச்சை. என் கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது. காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், சரியாயிற்று. எங்கே கப்பல் என்று நினைத்த நேரத்தில் காலுக்குக் கீழே ஒரு சுவர் வந்தது. இரும்புதான், ஆனால் இரும்பு தெரியவில்லை. சிப்பியும் பாசியும் மூடியிருந்தன. ஒரு ஏணி இருந்தது, மேல் படிக்கு மேல் எதுவுமில்லை. சரக்கு அறைக்குள் பயிற்சியாளர் டார்ச் அடித்துக் காட்டினார். தரை முழுக்க வட்ட வட்டமாக வளையங்கள், வரிசை கலையாமல் அடுக்கி வைத்தபடி. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பீப்பாய்கள். மரம் எல்லாம் மக்கிப் போய், மரத்தைக் கட்டியிருந்த இரும்பு வளையம் மட்டும் கிடக்கிறது. யாரோ அதை ஒழுங்காக அடுக்கியிருக்கிறார், அன்றைய வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த ஆளை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. தண்ணீருக்கடியில் அழக் கூடாது, மாஸ்க் கெட்டுவிடும். மூலையில் ஒரு பெரிய கலவா, தாமதமாக வந்த மாணவியைப் பார்க்கும் தலைமை ஆசிரியையைப் போல என்னைப் பார்த்தது.

மேலே வந்து படகில் ஏறியபோது என் வாய் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. என் கணவர் ஒரு கட்டத்தில், "சரி, நீ ஜெயிச்சுட்டே, தூங்க விடு" என்றார். பேச்சு அங்கே நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

மறுநாள் பள்ளியில் பொதுத் தேர்வுக்கான திருப்புதல். முக்கோணவியல். பாடப் புத்தகத்தில் எப்போதும் ஒரு சுவர், அதில் சாய்த்த ஒரு ஏணி, அல்லது ஒரு கோபுரம், அதன் நிழல். பின் வரிசைப் பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. சாக்பீஸை எடுத்து ஒரு கணக்கு எழுதினேன். வண்டலூர் மலையும் கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகின்றன. மாதா கோயில் சிலுவையும் செல்போன் டவரும் இன்னொரு கோட்டில் தெரிகின்றன. தொட்டிக்கும் கோயிலுக்கும் இடையில் இத்தனை தூரம், கோணங்கள் இத்தனை. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்தால் அது கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? அ, ஆ என்று புள்ளி வைத்திருக்கலாம். அதுதான் எனக்குப் பிடிக்காதே. மலைக்குப் பெயர் இருக்கிறது, எதற்கு அ என்று சொல்ல வேண்டும் என்று பல வருடமாக வாதாடி வருகிறவள் நான். குப்பத்தின் பெயரையும் சேர்த்தே எழுதினேன். வகுப்பு விழித்துக்கொண்டது. அப்படி ஒரு உற்சாகத்தை நான் அந்த வகுப்பில் பார்த்ததே இல்லை. அன்று மாலை என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் கடைசியில், தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மீன்கார அக்கா கூடையை இறக்கினார். ஈரத் துணி இல்லை. வெறும் மத்தியும் நெத்திலியும்தான். கப்பல் மீன் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கப்பலே பூட்ச்சு டீச்சர்" என்றார். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, நைலான் வலையை இறக்கிவிட்டார்களாம். வலை இரும்பில் சிக்கி, இழுக்க முடியாமல், அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது கப்பலை மூடிக்கொண்டு கிடக்கிறது. உள்ளே இருக்கிற மீன் வெளியே வர முடியாமல் சாகிறது, செத்ததைத் தின்ன வருவதும் மாட்டிச் சாகிறது. அவர் வீட்டுக்காரர் ஒரு மாதமாக வெறும் கையோடு திரும்பி வருகிறார். சுனாமியில் பழைய படகு போனபோதுகூட அவர் இப்படி உட்காரவில்லை, கப்பல் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது என்றார். சொல்லிவிட்டு ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அவனுங்க குப்பத்துல ஒரு பொண்ணு இத்த சத்தம் போட்டு பட்ச்சிகினு இருந்துச்சாம். அத்த கேட்டுகினு போய்தான் வலை போட்டானுங்கோ. எனக்கு பட்க்க தெரியாது. இத்த எயுதனது யாருன்னு கண்டுபுட்ச்சி சொல்லு டீச்சர். நீ பெரிய பட்ப்பு பட்ச்சவ."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாதிரி வினாத்தாள் அது. மேலே 'கட்டாயம் கேட்கப்படலாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஏழாவது கணக்கு என்னுடையது. ஒரு சொல் மாறவில்லை. என் மாணவி யாரோ நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், டியூஷன் வாத்தியாருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு அடுத்தபடி ஜெராக்ஸ் கடைதான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை அந்தத் தாள் போகாத வீடு இருந்திருக்காது.

விசாரிக்கிறேன் அக்கா என்றேன். அதைத்தான் சொன்னேன். அவர் நெத்திலியைக் கழுவி என் பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போனார். நான் அந்த மீனைச் சமைக்கவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை. தாளில் உன் பெயர் எங்கேயும் இல்லை, டியூஷன் சென்டர் பெயர்தான் இருக்கிறது, பேசாமல் விட்டுவிடேன் என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புதன்கிழமை அந்த அக்கா வருவார், என் எதிரில் குந்தி உட்கார்ந்து எனக்காக மீன் ஆய்வார், யார் என்று தெரிந்ததா டீச்சர் என்று கேட்பார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது. செவ்வாய்க்கிழமையே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

குப்பத்தில் இரண்டு பேரும் வீட்டு வாசலில் இருந்தார்கள். அண்ணன் தூண்டில் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. எழுதியது நான்தான் என்றேன். எப்படி எழுதினேன், ஏன் எழுதினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு விழித்துக்கொண்டதுவரை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அற்பமாகத் தெரிந்தது. அக்கா எழுந்து உள்ளே போனார். அண்ணன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

"அந்த வலைய எட்த்துருவியா?" என்றார்.

"எடுக்கறேன்."

"வாயால சொல்லாத டீச்சர். நைலான் வலை மனுசனயும் வுடாது."

"எடுக்கறேன்ண்ணா" என்றேன் மறுபடியும். அவர் மறுபடி கயிற்றுச் சிக்கை எடுக்கத் தொடங்கினார். புதன்கிழமை அக்கா எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேராக அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

பயிற்சியாளரிடம் போனேன். அவர் தன் இரண்டு பழைய நண்பர்களை அழைத்துக்கொண்டு போவதாகவும் நான் படகில் இருந்தால் போதும் என்றும் சொன்னார். மொத்தமே ஒன்பது டைவ் செய்தவர் வலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்றார். சரியான பேச்சுத்தான். நண்பர்கள் மே மாதத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்று தெரிந்தது. அதுவரை அந்த வலை மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். நான் வருகிறேன், என்னைத் தயார் செய்யுங்கள் என்றேன். அவர் ஒரு பரீட்சை வைத்தார். நீச்சல் குளத்தின் அடியில் ஒரு பழைய வாலிபால் நெட்டை என் மேல் சுற்றுவார், மாஸ்க்கில் காகிதம் ஒட்டிக் கண்ணை மறைத்துவிடுவார். நானே வெட்டி வெளியே வர வேண்டும். மூன்று முறை தொடர்ந்து பதறாமல் வந்தால் கூட்டிப் போவார்.

முதல் நாள் பதறினேன். இரண்டாம் நாளும் பதறினேன். பிரச்சினை என்னவென்றால், பின்னால் எதுவோ இழுத்தால் உடம்பு தானாகத் திரும்புகிறது. திரும்பினால் இன்னொரு சுற்று சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நின்று, வந்த வழியே பின்னால் போய், கையால் தடவிச் சிக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் பழகினேன். கட்டிலில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். என் கணவர் கொசுவலையை என் மேல் போட்டு, தோளிலும் காலிலும் மாட்டிவிடுவார். "மீன் மாட்டிக்கிச்சு" என்பார். முதல் வாரம் சிரித்துக்கொண்டு செய்தவர், இரண்டாம் வாரம் வாட்ச்சைப் பார்த்து நேரம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள், நான் திரும்பாமல் படுத்துக் கையால் தேடிக்கொண்டிருந்தபோது, "எனக்குப் பயமா இருக்கு" என்று தணிவாகச் சொன்னார். எனக்கும்தான் என்றேன். மறுநாள் அவரே பம்மலுக்குப் போய், தோல் வேலை செய்கிற ஒரு பட்டறையில் சொல்லி, தடித்த தோலை வெட்டும் கத்தரி ஒன்றை என் கை அளவுக்குப் பிடி மாற்றி வாங்கி வந்தார்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு பரீட்சையில் தேறினேன். அடுத்த ஞாயிறு கடல்.

வலை கப்பலின் மேல் ஒரு கூடாரம் மாதிரி நின்றது. அடியில் இரும்பு பிடித்துக்கொண்டிருந்தது, மேலே மிதவைகள் தூக்கிப் பிடித்திருந்தன. அதில் மீன் தொங்கியது. சிலது எலும்பு, சிலது பாதி. நண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக. என் வகுப்பில் எழுதிய ஏழு வரி இப்படி வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அங்கே ஒரு சமாதானமாகவே தோன்றவில்லை. நான் வெட்டத் தொடங்கினேன். பயிற்சியாளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில். வெட்டிய பகுதியைச் சுருட்டி, காலி எண்ணெய்க் கேனில் கட்டி, கேனுக்குள் காற்றை விட்டால் அது தூக்கிக்கொண்டு மேலே போகும். படகில் அண்ணன் வாங்கிக்கொள்வார். முதல் நாள் மூன்று கேன்தான் போயிற்று. இரண்டாம் ஞாயிறு ஐந்து.

மூன்றாம் ஞாயிறு, அடியிலிருந்த கடைசிப் பகுதி. நீரோட்டம் அன்றைக்குக் கூடுதலாக இருந்தது; நீவாடு சரியில்லை என்று அண்ணன் மேலேயே எச்சரித்திருந்தார். ஒரு சங்கரா செவுளில் மாட்டி இன்னும் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கக் கையை நீட்டினேன். ஓட்டம் என்னை ஒரு சாண் முன்னால் தள்ளியது. அவ்வளவுதான். முதுகில் சிலிண்டரின் வால்வை ஏதோ பிடித்தது. முன்னால் போக முடியவில்லை. சேறு கிளம்பி எதுவும் தெரியாமல் போயிற்று.

என் உடம்பு முழுக்கத் திரும்பு, திரும்பு என்றது. நான் திரும்பவில்லை. ஒரு பதினேழு பதினேழு. இரு பதினேழு முப்பத்து நான்கு. பின்னால் கொஞ்சம் நகர்ந்தேன். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு இழை, இரண்டு இழை, வால்வைச் சுற்றி. கத்தரியைத் திருப்பிப் பிடித்து வெட்டினேன். காற்றுக் குழாயை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது, கையை நிறுத்தி மறுபடி தடவிப் பார்த்தேன், வலைதான், வெட்டினேன். ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பதில் விட்டது. சேறு அடங்கியபோது பயிற்சியாளர் ஒரு கை தூரத்தில் கத்தியை நீட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார். என் கண்களை விட அவர் கண்கள்தான் பெரிதாக இருந்தன. காற்று மானியைப் பார்த்தோம், ஐந்து நிமிடத்துக்கு இருந்தது. சங்கராவை விடுவித்தேன். அது கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டுப் பிறகு இரும்புக்குள் போயிற்று. கடைசிக் கேனைக் கட்டினோம்.

அண்ணன் அந்த வலை முழுவதையும் படகில் குவித்து, நேராகப் பக்கத்துக் குப்பத்துக்கு ஓட்டி, அவர்கள் கரை மணலில் தள்ளினார். அடுத்த புதன்கிழமை மீன்கார அக்கா எங்கள் தெருவுக்குள் வந்து, கூடையை இறக்கி, "நெத்திலி கீது, எட்த்துக்கிறியா" என்றார். எடுத்துக்கொண்டேன். கப்பலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அவர் ஆய்ந்து தந்தார்.

வலையை எடுத்துவிடலாம். சொன்னதை எடுக்க முடியுமா? அந்தத் தாள் நூறு வீட்டில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படகை எடுத்துக்கொண்டு வரலாம் என்ற உறுத்தல் எனக்குப் போகவே இல்லை. அதைத் தீர்த்துவைத்தது நானில்லை, ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அந்த வருடம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கும் வண்டலூர் மலைக்கும் நடுவில் வளர்ந்து, மழைக்காலம் முடிவதற்குள் கடலிலிருந்து பார்த்தால் மலையே தெரியாதபடி நின்றுவிட்டது. என் கணக்குக்கு இனி யாராலும் விடை காண முடியாது. அண்ணனாலும் முடியாதே என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு மாதம் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி அடி பார்த்து, கப்பலைத் திரும்பக் கண்டுபிடித்து, கரையில் புதிதாக நான்கு அடையாளம் பிடித்துக்கொண்டார் என்று அக்கா சொன்னார். ஈரத் துணி கூடைக்குத் திரும்பியது.

அடுத்த பிப்ரவரியில், மீன் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி அண்ணனே கூப்பிட்டனுப்பினார். போனை அரிசிப் பானையில் போட்டுவிட்டுப் படகில் ஏறினேன். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. மன்னித்துவிட்டார், அதனால்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் போனதும் அவர் எஞ்சினைக் குறைத்தார். கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பா எட்த்துக்காத டீச்சர். கொஞ்சம் அந்தாண்ட திரும்பி குந்திக்கோ."

பயிற்சியாளர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். அவரைத் திரும்பச் சொல்லவில்லை, என்னைத்தான். எனக்குச் சுருக்கென்றது. மூன்று ஞாயிறு உங்கள் கப்பலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேனே என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். அவர் என் மேல் கோபமாக இல்லை. அந்தக் குரலில் கோபத்தின் நிழல்கூட இல்லை. என்னை அவர் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான். பார்த்தால் நான் மறக்க மாட்டேன். மறக்காததை எங்காவது ஒரு நாள் பலகையில் எழுதிவிடுவேன்.

கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். எதிரே வெறும் கடல், கணக்குப் போட ஒன்றுமில்லாத கடல். அவர் கேட்காமலே கண்களையும் மூடிக்கொண்டேன். படகு கொஞ்சம் தெற்கே போயிற்று, கொஞ்சம் பின்வாங்கியது, நின்றது. நங்கூரக் கயிறு விளிம்பில் உரசிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. அது அடியைத் தொட்டு நிற்கும்வரை நான் அசையவில்லை.

"இப்ப திரும்பிக்கோ டீச்சர்" என்றார்.